ஒரு வருடமும் ஒரு நாளும்

எங்கள் வீட்டுக்கு வந்தவர் எவரும் தேத்தண்ணி குடிக்காமல் போனதில்லை, ஒஃபிசர். என் மனைவி கோணேஸ்வரி இருந்திருந்தால் இந்நேரம் உங்களுக்கும் இஞ்சி தட்டிப் போட்ட ஒரு கோப்பை வந்திருக்கும். நான் போட்டால் நீங்கள் குடிக்க மாட்டீர்கள் என்பதால் கேட்கவில்லை.

லிஸ்பனில் நான் வாங்கிய வீடு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம், உள்ளே இருந்த யூஜினி. எழுபத்தெட்டு வயது விதவை. ஐம்பத்தொரு வருடமாக அங்கேதான் வாடகைக்கு இருந்தாள். அந்த வயதில் உள்ள பழைய வாடகைக்காரரைப் போர்த்துக்கல் சட்டம் லேசில் எழுப்ப விடாது. ஏஜென்ட் கையை விரித்துவிட்டான். நான் விடவில்லை. பஸ்சில் வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சட்டத்தைப் போனில் மொழிபெயர்த்து வாசித்தேன். இரக்கமுள்ளவர்கள் எழுதிய நல்ல சட்டம். அதில் ஓரிடத்தில், வாடகைக்காரர் ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் வசிக்காமல் விட்டால் ஒப்பந்தத்தை முடிக்கச் சொந்தக்காரர் வழக்குப் போடலாம் என்றிருந்தது.

அவளுடைய மகன் மரியோ டொரொன்டோவில் கட்டட வேலை செய்தான். தேடிப் பிடித்து, அதே நகரில் மோர்னிங்சைட்டில் உள்ள இந்த எங்கள் வீட்டின் பேஸ்மென்டை அரை வாடகைக்குக் கொடுத்தேன். தாயின் வீட்டுக்காரன் நான்தான் என்பதைச் சொல்லவில்லை. அந்த வீடு ஒரு கொம்பனி பெயரில் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் கொஞ்ச நாள் வைத்திரு என்று அவனுக்குப் புத்தி சொன்னதும் நான்தான்.

மார்ச் மூன்றாம் திகதி யூஜினி வந்தாள். அடுத்த மாதமே மரியோ வடக்கே சுரங்க வேலைக்குப் போனான். போகும்போது அவளுடைய பாஸ்போர்ட்டையும் மருத்துவ இன்சூரன்ஸ் அட்டையையும் என்னிடம் நம்பித் தந்தான். என் மேசை லாச்சியில் பத்திரமாக வைத்தேன்.

ஜூனில் அவள் புறப்பட ஆயத்தமானாள். விருந்தாளி பையைத் தூக்கினால் கையைப் பிடித்து இருத்துவது எங்கள் வழக்கம். கோணேஸ்வரி மனதாரவே பிடித்தாள். இன்னும் ஒரு கிழமை நிற்கச் சொன்னாள். மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன். ஆடியில் பயணம் ஆகாது என்றேன். பிறகு மகள் தேனுகாவின் கலியாணம், அப்பாவின் திவசம், அதன் பிறகு பனி. மறுத்தால் எங்கள் மனம் நோகும் என்று அந்த நல்ல மனுசி ஒவ்வொரு முறையும் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாள். தன் வீட்டு ஜன்னலில் பூச்சாடிகள் காய்ந்துவிடும் என்று மட்டும் அடிக்கடி சொல்வாள்.

பெப்ரவரியில் இருமத் தொடங்கினாள். அங்கேதான் சட்டம் இடறியது. வீட்டுக்குத் திரும்பாததற்கு நோய் காரணம் என்றால் அந்த ஒரு வருடம் செல்லாது. ஒரு டொக்டரின் கடிதம் போதும், என் முயற்சி எல்லாம் பாழ்.

"மனிசி மூச்செடுக்க ஏலாமல் கிடக்கிறா. ஹொஸ்பிட்டலுக்குக் கொண்டு போவமே?" என்று கோணேஸ்வரி கேட்டாள்.

"விசிட்டராய் வந்த மனிசி. உந்த பில்லை மரியோ எப்பிடிக் கட்டுவான்? கொத்தமல்லி அவிச்சுக் குடும்" என்றேன்.

அவள் அவித்துக் கொடுத்தாள். இரவும் பகலும் பக்கத்தில் இருந்து நெஞ்சைத் தடவிவிட்டாள். அப்போது அந்த ஒரு வருடம் முடிய இன்னும் மூன்று கிழமைதான் மிச்சம் இருந்தது. அதற்கு மேல் ஒரு நாளும் நான் அவளிடம் கேட்கவில்லை.

மார்ச் நான்காம் திகதி காலையில் அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். கூப்பிட்டது நான்தான், உங்கள் பதிவிலும் இருக்கும். வழியிலேயே போய்விட்டாள். வாடகைக்காரர் இறந்தால் ஒப்பந்தம் தானாகவே முடிந்துவிடுமாம். ஏஜென்ட் வாழ்த்துச் சொன்னபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. அவள் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை.

செத்தவீட்டுக்கு வந்த மரியோ பாஸ்போர்ட்டைக் கேட்டான். லாச்சியைத் திறந்த கோணேஸ்வரி அந்த இன்சூரன்ஸ் அட்டையைக் கண்டாள். உங்களுக்குப் போன் பண்ணிவிட்டு ஒஷாவாவில் தேனுகா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு மனவருத்தம்தான். என்னை என்னவெல்லாமோ சொல்கிறார்களாம். ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள், ஒஃபிசர். என் வாழ்நாளில் நான் யாரையும் வீட்டை விட்டுப் போகச் சொன்னதில்லை.