ஒரு கதவுக்கு மட்டும் தைலமரம்

சமையலறை அலமாரிக்கு வெளிக்கதவு செய்ய, சில்வர் ஓக்கைப் போல அடக்கமான மரம் இந்த மலையில் வேறு கிடையாது. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கிறார்கள். அறுத்து இரண்டு வருஷம் நிழலில் அடுக்கிவைத்தால் இழைக்க இழைக்கப் பூவேலை போட்ட மாதிரி ரேகை எழும். மழையானாலும் வெயிலானாலும் அதிகம் ஆட்டம் காட்டாது. பொன்னுவேல் ஆசாரி எனக்கு அதைத்தான் சொன்னார். பதினோரு கதவுக்கும் அதையே போடலாம் என்றார். பத்துக்கு அதைப் போட்டார். பதினோராவது கதவுக்குத் தைலமரம் கேட்டது நான். முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.

அவர் காலையிலிருந்து உங்கள் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே வரும்போது எழுந்து நின்றார். பண்ணைக்காட்டுக்காரர், நாணயமான மனுஷர். என் கொழுந்தன் ஸ்டீவன் வத்தலக்குண்டிலிருந்து வந்து அவர்மேல் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான். பச்சை மரத்தை நல்ல மரமென்று தலையில் கட்டிவிட்டார், அது மழைக்கு ஊதிக் கதவு இறுகிவிட்டது, மூச்சு முட்டிய நேரத்தில் அண்ணன் மருந்தை எடுக்க முடியாமல் செத்துப்போனார் என்று. நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது உங்கள் கான்ஸ்டபிளிடம் மெதுவாகச் சொன்னீர்கள்: "பாவம், ஒண்ணுந் தெரியாத அம்மாவ ஆசாரி நல்லா ஏமாத்திட்டான்." எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ராத்திரி அந்த வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்தது. அதனால்தான் இன்றைக்குப் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

என் அப்பா கூப்பில் வேலை பார்த்தவர். காட்டில் தைலமரமும் சீகை மரமும் வெட்டி லாரி ஏற்றுகிற இடத்துக்குக் கூப்பு என்று பெயர். நான் நடக்கப் பழகியது மரத்தூள்மேல். பலகையை முகர்ந்து பார்த்து இன்ன மரம் என்று பத்து வயதில் சொல்வேன். பிறகு இங்கே ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் இருபத்தெட்டு வருஷம் சமையலறை என் பொறுப்பில் இருந்தது. ஊரில் இன்னும் என்னை மேட்ரனம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். முந்நூறு பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றிய அடுப்பங்கரையில் எந்தக் கதவு எந்த மாசத்தில் இறுகும், எது தளரும் என்று எனக்குத் தெரியாமலா இருக்கும்.

ஸ்டீவன் எழுதியிருப்பது தப்பு. பச்சை மரம் காயக் காயச் சுருங்கும். பச்சை மரத்தில் கதவு போட்டால் ஒரு வருஷத்தில் சந்து விழுந்து தொளதொளவென்று ஆகிவிடும். இறுகாது. இறுக வேண்டுமென்றால் மரம் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். அதுவும் தைலமரமாக இருக்க வேண்டும். நன்றாகக் காயவைத்த தைலமரப் பலகை, தாகத்தில் கிடந்த மாடு மாதிரி, ஈரம் கண்டால் குடித்துக்கொண்டே இருக்கும்.

என் பலகையை ஆசாரியிடம் கொடுக்குமுன் நாற்பது நாள் காயவைத்தேன். பின்கட்டு விறகடுப்புக்கு மேலே, புகையும் சூடும் படுகிற இடத்தில். தினம் இரண்டு தடவை திருப்பிப் போட்டேன். இதை ஆசாரி செய்யவில்லை.

அவருக்கும், அதாவது என் வீட்டுக்காரர் பவுல்ராஜுக்கும் எனக்கும் சண்டையே இல்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். குடிக்க மாட்டார், அதட்டிப் பேச மாட்டார். அதே பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். பதினெட்டு வருஷமாக வீசிங். மூச்சு இழுக்கிற ஒவ்வொரு நாளும் முதுகு தேய்த்துவிட்டது நான்தான். போன டிசம்பரில் திண்டுக்கல் டாக்டர், இந்தக் குளிரும் மேகமும் உங்களுக்கு ஆகாது, கீழே இறங்கிவிடுங்கள் என்றார். இவரும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். அட்டுவம்பட்டி வீட்டை விற்றுவிட்டு வத்தலக்குண்டில் ஸ்டீவன் வீட்டுத் தெருவிலேயே ஒரு வீடு பார்க்கலாமாம்.

எனக்குக் கீழே போகப் பிடிக்கவில்லை. வெயில் ஆகாது, ஸ்டீவனின் பெண்டாட்டி ஆகாது, அந்தத் தெருவின் சாக்கடை ஆகாது. இருபத்தெட்டு வருஷம் ஊரார் பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு, ரிட்டையரான பிறகுதான் எனக்கென்று ஒரு அடுப்பங்கரை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் சௌசௌப் பந்தல், அதற்கப்புறம் பேரிக்காய் மரம். அதை விட்டுப் போ என்றால் எப்படிப் போவது? தை வரைக்கும் பொறுங்கள், தை பிறந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று எத்தனையோ தடவை அவரிடம் சொன்னேன். கேட்டால்தானே.

வீடு பார்க்க வந்த புரோக்கர்தான், சமையலறை பழசாகக் கிடக்கிறது, அதை மாற்றினால் சீக்கிரம் கைமாறும் என்றான். அவர் உடனே ஆசாரியை வரவழைத்தார். "எந்த மரம் வேணுமோ நீயே பாத்துக்க கித்தேரி, உனக்குத் தெரியாத மரமா" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். வேறொருத்தி வந்து புழங்கப்போகிற அடுப்பங்கரைக்கு என்னை மரம் பார்க்கச் சொல்கிறார் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை நான் யாரிடமும் காட்டவில்லை.

தேக்கு பார்த்தோம், பலா பார்த்தோம். பலா முதலில் மஞ்சளாக இருந்து பிறகு கறுத்துப்போகும், வேண்டாம் என்றேன். சில்வர் ஓக் முடிவாயிற்று. அப்புறம் அடுப்புக்கு மேலே இடதுபக்கம் வருகிற சின்ன அலமாரிக்கு மட்டும் தைலமரம் என்றேன். ஆசாரி சிரித்தார்.

"ஏன்ம்மா அந்த ஒண்ணுக்கு மட்டும்?"

"சாரோட மருந்தெல்லாம் அதுல வைக்கப் போறேன். தைல வாசம் நெஞ்சுக்கு நல்லதுல்ல."

"வாசம் எலையில தாம்மா இருக்கு. பலகையில ஏது வாசம்? இது தண்ணி குடிக்கிற மரம், நம்ம ஊரு மேகத்துக்கு ஆகாது. அப்படியே வேணும்னாலும் ஓரத்துல சந்து விடணும், நாலு பக்கமும் வார்னிஷ் அடிக்கணும்."

சந்து விட்டால் மருந்துக்குள் பூச்சி போகும் என்றேன். வார்னிஷ் நெடி வீசிங்காரருக்கு ஆகாது என்றேன். பித்தளைக் கைப்பிடி கொண்டுவந்திருந்தார். அது வேண்டாம், சின்னதாக மரக்குமிழ் ஒன்று ஒட்டிக்கொடுங்கள், அழகாக இருக்கும் என்றேன். மூன்று தடவை மறுத்துவிட்டு, நான்காவது தடவை அவர் செய்துகொடுத்தார். பங்குனி வெயிலில் அந்தக் கதவு சட்டத்துக்குள் அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு விரலால் இழுத்தால் வந்தது.

பவுல்ராஜுக்கு அந்தக் கதவில் ரொம்பப் பெருமை. என் நெஞ்சுக்காகப் பார்த்துப் பார்த்துத் தைலமரத்தில் செய்யச் சொன்னாள் என்று பக்கத்து வீட்டு முருகேஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினார். காட்டும்போது கண் கலங்கிவிட்டார்.

ஜூன் மழைக்குக் கதவு முதல்முறை பிடித்தது. அவர் இரண்டு தடவை இழுத்தார், மூன்றாவதில் வந்தது. இன்ஹேலரைக் கையில் எடுத்துக்கொண்டு மற்ற கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தார். பத்தும் வெண்ணெய் மாதிரி வந்தன.

"இது மட்டும் ஏன் கித்தேரி இப்படி இழுக்குது?"

"புது மரம்ல, பழகணும்."

அவர் அப்போது பார்த்த பார்வை சரியில்லை. கிளார்க் வேலை பார்த்தவர்களுக்கு எதையும் இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிற புத்தி இருக்கும். அதற்குப் பிறகு ஒரு இன்ஹேலரைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். துவைக்கப் போடுகிற சட்டையில் மருந்து கிடந்தால் கெட்டுப்போகுமே என்று நான் அதை எடுத்து அலமாரியில் வைப்பேன். மறுநாள் மறுபடி பையில் இருக்கும். நான் மறுபடி எடுத்து வைப்பேன். ஒரு சாயங்காலம் தலையணை உறைக்குள்ளேயும் ஒன்று இருந்தது. கட்டின பெண்டாட்டிமேல் சந்தேகப்படுகிற மாதிரி அப்படி ஒளித்துவைத்திருந்தது என் மனசை எவ்வளவு நோகடித்தது தெரியுமா? அதையும் எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாப்பாடு மட்டும் எப்போதும்போல நேரத்துக்கு நடந்தது.

ஆகஸ்டில் எனக்குத் தெரியாமல் ஆசாரிக்குப் போன் போட்டிருக்கிறார். ஆசாரி இழைப்புளியோடு வந்து வாசலில் நின்றார். "சார் வெரசா வரச் சொன்னாருங்க, கதவு பிடிக்குதாமே." சார் தூங்குகிறார், கதவைத் திண்டுக்கல்லிலிருந்து வேறு ஆள் வந்து சரிசெய்துவிட்டான் என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினேன். ஆசாரி முகம் வாடிப்போயிற்று. வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டோம் என்று மனவருத்தம். அந்த ஒரு விஷயத்தில் அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. அவருக்கு மூச்சு மோசமாயிற்று. ஆவி பிடிக்க நாள் முழுக்க வெந்நீர் வேண்டியிருந்தது. அந்த அலமாரிக்கு நேர் கீழே இருக்கிற அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தைல இலை போட்டுக் கொதிக்கவிடுவேன். முருகேஸ்வரியே சொன்னாள், "நீங்க பாக்குற மாதிரி யாருக்கா பாப்பா" என்று.

வீட்டை வாங்குகிறவர்கள் திங்கட்கிழமை அக்ரிமெண்ட் எழுத வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அது. காலையிலிருந்து அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நேற்று உங்களிடம் மூன்று மணிக்கு நான் ஜெபக்கூட்டத்தில் இருந்ததாகச் சொன்னேன். கூட்டம் நான்கு மணிக்குத்தான் மேடம். மூன்று மணிக்கு நான் சௌசௌப் பந்தலுக்குக் கீழே இருந்தேன்.

மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது. ஜன்னல் வழியாக அவர் அடுப்பங்கரைக்குள் வருவது தெரிந்தது. ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் குமிழை இழுத்தார். வேர்த்த கை, வழுக்கியது. வேட்டி நுனியைச் சுற்றிக்கொண்டு இழுத்தார். ஒரு கட்டத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். கதவைக் கைகாட்டினார். மேகம் நடுவில் இருந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நான் கையில் இருந்த காயைப் பறித்துக் கூடையில் போட்டேன். அன்றைக்கு ஒன்பது காய் கிடைத்தது.

அந்தக் கதவைத் திறக்க ஒரு வழி இருக்கிறது. கீழ்மூலையில் உள்ளங்கையால் ஒரு குத்துக் குத்தி, மேலே தூக்கி இழுத்தால் வந்துவிடும். ஜூன் மாசத்திலிருந்து நான் அப்படித்தான் திறந்துகொண்டிருந்தேன். அவரிடம் சொல்லியிருக்கலாம். அவரும் கேட்கவில்லை.

கூடையோடு உள்ளே வந்தபோது தரையில் கிடந்தார். பிடுங்கிக்கொண்டு வந்த குமிழ் கைக்குள் இருந்தது. அடுப்பை அணைத்தேன். முகத்தைத் துடைத்துவிட்டேன். நான்கு மணிக்கு ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டு ஐந்தேகாலுக்குத் திரும்பி வந்து முருகேஸ்வரியைக் கூப்பிட்டேன். ஸ்டீவன் வந்துதான் ஸ்குரூ டிரைவர் போட்டு நெம்பிக் கதவைத் திறந்தான். உள்ளே மூன்று இன்ஹேலர் இருந்தது, மூன்றும் புதுசு. பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவருக்கு மருந்து தீர்ந்துபோக நான் விட்டதில்லை.

இவ்வளவுதான். ஆசாரியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், பண்ணைக்காட்டுக்குக் கடைசி பஸ் போய்விடும். கதவு இறுகும் என்று தெரிந்துதான் அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தேன். எந்த மாசத்தில் இறுகும் என்றும் தெரியும். யாரும் என்னை ஏமாற்றவில்லை. ஆசாரி ஏமாற்றினார் என்கிற வரியை மட்டும் அடித்துவிட்டு எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

சாட்சிக்கென்று கழற்றிக்கொண்டு வந்தீர்களே அந்தக் கதவு, உங்கள் ஸ்டோர் ரூமில் ஈரச் சுவரில் சாய்த்துவைத்திருப்பதைப் பார்த்தேன். கொஞ்சம் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தையில் வெயில் ஏறினால் பலகை தானாகச் சுருங்கிவிடும், மறுபடி ஒரு விரலால் இழுத்தாலே திறக்கும். அவர்தான் தை வரைக்கும் பொறுக்கவில்லை.