மாவு என்று நாம் அழைத்தது

கொதிகலன் கூடத்தின் குன்றாத குரலே! கொதிக்கும் குழாயைத் தட்டிப் பார்த்தே குறை சொல்லும் கூர்மையே! முன்கோபத்தில் முதல்வரே, முன்நின்று காப்பதிலும் முதல்வரே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் மாவு மாஸ்டரே, வணக்கம்!

முப்பத்தெட்டு ஆண்டுகள் நீராவிக் குழாய்களுக்குச் சூடு காக்கும் உறை போட்டீர்கள். பீப்பாயில் வெள்ளைத் தூளைக் கொட்டி, தண்ணீர் விட்டு, முழங்கை வரை முக்கிப் பிசைந்து, வளைவிலும் நெளிவிலும் வழுவழுவென்று பூசிய வித்தகர் நீங்கள். பதம் தவறினால் எங்களுக்கு அர்ச்சனைதான். "மாவு பிசையத் தெரியாதவனுக்கு எவன்டா பொண்ணு கொடுப்பான்?" என்று கூடமே அதிரக் கேட்பீர்கள். அப்படித் திட்டு வாங்கியவர்கள் எல்லோருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது.

பழைய உறையை உடைக்கும் நாளில் கூடமே வெளுத்துப் போகும். அந்தத் தூளை உருட்டி ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாடினோம். முதல் உருண்டை எப்போதும் உங்களுடையது. மாலையில் வீடு போனால் அண்ணி, "அதுக்குள்ள தலை நரைச்சிடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே உங்கள் சட்டையை வாங்கி உதறுவார்களாம். அண்ணி இப்போது முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து இந்த வரியை வாசிக்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

சென்ற ஆண்டு உங்களுக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. நெஞ்சில் கோத்த நீரை எடுத்தார்கள், மறுபடியும் கோத்தது. "ஆஸ்பெஸ்டாஸோட வேலை செஞ்சிருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க டாக்டர். கூரை போடற வேலையெல்லாம் நம்மகிட்ட கிடையாது."

"பின்ன என்ன வேலை?"

"மாவு பிசையறதுங்க."

அவர் உங்களைச் சமையல்காரர் என்று எழுதிக்கொண்டார். துணைக்கு வந்திருந்த நம் பிட்டர்தான் பதறிப்போய், "டாக்டர், அது சமையல் மாவு இல்ல, பாய்லர் குழாய்ல பூசற மாவு" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அதன்பிறகுதான் அறிந்தோம், ஐயா! நாம் பிசைந்த மாவுதான் ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நாராம். கண்ணுக்குத் தெரியாத அதன் இழைகள் மூச்சோடு உள்ளே போய், நுரையீரலைப் போர்த்திய மெல்லிய உறையில் தைத்துக்கொள்ளுமாம். இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூடச் சத்தமே இல்லாமல் கிடந்து, பிறகு புற்றுநோயாய்த் தலைதூக்குமாம். சதையைக் கிள்ளிச் சோதித்து அதற்குப் பெயரும் சொன்னார்கள்: மீசோதீலியோமா. "பேரைச் சொல்றதுக்குள்ளயே எனக்கு மூச்சு வாங்குதுடா" என்றீர்கள். நாங்கள் சிரித்தோம். அன்றிலிருந்து கூடத்தில் யார் இருமினாலும் பேச்சு நின்றுவிடுகிறது.

இரண்டாம் கொதிகலனின் பழைய உறையை உடைக்க, கடப்பாரையும் துடைப்பமுமாய்ப் போன வாரம் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்தார்கள். நிற்க முடியாத நீங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். "நனைக்காம, மூடாம, சரியான முகமூடி இல்லாம எவனும் அதைத் தொடக்கூடாது. தொடணும்னா என்னைத் தூக்கிப் போட்டுட்டு உள்ள போங்க!" என்றீர்கள். மேலாளர் கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் போய்விட்டார். உங்களுக்கு நாளை முதல் வேலை இல்லை. நாளை காலை அந்த ஒப்பந்த ஆட்கள் மீண்டும் வருகிறார்கள்.

இம்மடலின் முடிவில் நூறாண்டு வாழ்க என்றுதான் முதலில் எழுதியிருந்தோம். நேற்று அதை வாங்கிப் பார்த்து நீங்களே அடித்துவிட்டீர்கள். "பொய் எழுதாதீங்கடா. ஒரு ராத்திரி மூச்சு முட்டாம தூங்கணும்னு எழுதுங்க, போதும்" என்றீர்கள்.

அப்படியே வாழ்த்துகிறோம், அண்ணா! இன்றிரவு நீங்கள் நிம்மதியாய்த் தூங்க வேண்டும். அண்ணியின் மூச்சும் சீராய் இருக்க வேண்டும். உங்கள் சட்டைத் தூளை உதறிய அவர்களையும் அழைத்துப் போய்ச் சோதனை செய்ய டாக்டரிடம் சொல்லிவிட்டோம். விடிந்ததும் வாசலை எண்ணி எழுந்து உட்காராதீர்கள். அந்த நாற்காலியை நாங்கள் எடுத்து வைக்கவில்லை. நாளை காலை அதில் நாங்கள் உட்கார்ந்திருப்போம்.

இங்ஙனம்,
இனி அதை மாவென்று சொல்லாத
கொதிகலன் கூடப் பணியாளர்கள்