எருமை கத்தினால் விண்டோஸ் முடிந்தது

அந்த எரும கத்தற சத்தம் இன்னும் என் காதுலயே இருக்குதுங்க. ஆறு வருஷம் ஆச்சு. கம்ப்யூட்டர் ஆபீசுல எரும எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீங்க சிரிப்பீங்க. அத இங்க கொண்டாந்து வச்சதே நீங்க விசாரிக்க வந்திருக்கற இளவரசன்தான்.

எப்படித் தெரியும்னா, பொடவ எடுக்க வந்தவங்க கீழ கடையோட நின்னுடுவாங்க. மாடி ஏறி வந்து, செருப்ப வெளியவே அவுத்துட்டு, இங்க முன்ன இளவரசன்னு ஒருத்தர் வேல செஞ்சாரான்னு கேக்கறவங்க பொண்ணப் பெத்தவங்கதான். தப்பா எடுத்துக்காதீங்க. எங்கப்பாவும் என் வூட்டுக்காரர் வேல செஞ்ச எடத்துல இப்படித்தான் போய் நின்னாரு. உக்காருங்க ஐயா. தெள்ளார்லேர்ந்தா? வந்தவாசில எறங்கி மறுபடி பஸ் ஏறியிருப்பீங்க, இந்த வெயில்ல. மோர் சொல்றேன்.

முதலாளி சாப்புட போயிருக்காரு. வர அரமணி ஆவும். நான் துர்கா, முள்ளிப்பட்டு. இளவரசன்கூட வேல செஞ்சவதான். என்னையே கேளுங்க.

ம். ம். தப்பு பண்ணாரு, அதனால அனுப்பிட்டாங்கன்னு. யாரு சொன்னாங்க, தரகரா? இளவரசனேவா? பொண்ணு பாக்க வந்த எடத்துல, டிபன் தட்ட கைல வச்சுகினு, என் வேல என் தப்பாலதான் போச்சுன்னு சொன்னாரா? சொல்லுவாருங்க. சொல்லக்கூடிய ஆளுதான்.

இன்னா தப்புன்னு நீங்க கேட்டுட்டுத்தான் போவணும். சொல்றேன். கொஞ்சம் சுத்தி வரணும், பரவால்லயா?

இப்ப பொடவைய போன்லயே பாத்து வாங்கறாங்க இல்லீங்களா. கடைல ஒருத்தர் விரிச்சுக் காட்டுவாரு. சிங்கப்பூர்லயும் சேலத்துலயும் உக்காந்துகினு ஆயிரம் பேரு பாப்பாங்க. புடிச்சவங்க ஒரு பட்டன தட்டுவாங்க. யாரு எப்ப தட்டுவாங்கன்னு தெரியாது, எல்லாருக்கும் சேத்து ஒரே புரோகிராம் காத்துகினு இருக்கணும். அதுக்குப் பேரு ஈவன்ட் லூப். அத நாங்க எழுதல. எந்த ஊர்லயோ நல்ல மனசுக்காரங்க எழுதி சும்மா குடுத்துட்டாங்க. நாம நம்ம மெஷினுக்கு ஏத்தாப்ல அத கட்டி எடுத்துக்கணும், அவ்வளவுதான்.

புரியலையா? எங்க ஊர்ல வூட்டுக்கு வூடு தறிங்க. பட்டு குடுக்கற முதலாளியோட ஆளு, ராஜவேலுன்னு பேரு, வாரத்துக்கு ஒருதரம் வருவாரு. பொடவ முடிஞ்சுதா, பொடவ முடிஞ்சுதான்னு மொத வூட்லேர்ந்து கடசி வூடு வரைக்கும் கதவ தட்டுவாரு. முடிஞ்சிருக்கறது ரெண்டு வூட்லதான். ஆனா எல்லா கதவையும் தட்டியே ஆவணும். இது பழைய முற. போன் வந்தப்புறம் மனுஷன் டீக்கடைல உக்காந்துட்டாரு. முடிச்சவங்க கூப்புடுங்க, வரேன்னுட்டாரு. இது புது முற.

கம்ப்யூட்டருக்குள்ளயும் ரெண்டும் இருக்குது. பழைய முறைல இன்னொரு பேஜாரு. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற ராஜவேலு கைல ஒரு நோட்டு, அதுல ஆயிரத்து இருவத்தி நாலு வரிதான். அதுக்கு மேல வூடு இருந்தா அவருக்குக் கண்ணே தெரியாது.

புது முற நல்லதுதான், ஆனா லினக்ஸ்ல அது ஒரு மாதிரி, மேக்ல ஒரு மாதிரி, விண்டோஸ்ல வேற மாதிரி. அதனால கட்றதுக்கு முன்ன ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டுவோம். அது மெஷினக் கேக்கும். உங்கிட்ட இது இருக்குதா, அது இருக்குதா, எத போடட்டும், எத வுடட்டும்னு. சம்பந்தம் பேச வந்தவங்க கேக்கறாப்ல வரிசையா கேக்கும். உங்கள சொல்லலீங்க, சிரிக்காதீங்க. பதில எல்லாம் ஒரு சீட்டுல எழுதி வச்சுக்கும். அந்தச் சீட்டப் பாத்துத்தான் எல்லாம் கட்டும்.

அதோ அந்த செவுத்தோரமா மூணு மெஷினு இருந்துச்சு. லினக்ஸ் அஞ்சு நிமிஷத்துல முடிச்சிரும். மேக் பத்து. விண்டோஸுக்கு முக்கா மணி நேரம். அதையே பாத்துகினு உக்காந்தா கண்ணு பூத்துடும். இளவரசன் இன்னா பண்ணாரு, முடிஞ்சா சத்தம் வராப்ல செஞ்சாரு. லினக்ஸுக்கு சைக்கிள் பெல்லு. மேக்குக்கு களம்பூர் டேசன்ல ரயிலு கூவறது. விண்டோஸுக்கு அவங்க வூட்டு எரும. நெஜமா. பால் கறக்க லேட்டானா அது கத்துமாம். அத போன்ல புடிச்சுகினு வந்தாரு. எதிர்ல டீக்கடைல உக்காந்திருப்போம், எரும கத்தும், கடைக்காரரே சொல்லுவாரு, போங்கம்மா விண்டோஸ் முடிஞ்சுதுன்னு.

சந்தோஷமா இருந்தோங்க. வேலன்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுகினு இருந்தேன். எனக்கு அப்ப இங்க மூணாவது மாசம்.

அப்ப ஆடி மாசம். வெள்ளிக்கெழம காலைல தள்ளுபடி வியாபாரம், போன்ல. வியாழக்கெழம சாயங்காலம் மூணு மெஷின்லயும் புதுசா கட்டி வச்சோம். பெல்லு அடிச்சுது. ரயிலு கூவுச்சு. எரும கத்துச்சு. எல்லாம் சரின்னு வூட்டுக்குப் போய்ட்டோம்.

மறுநாள் பத்து மணிக்கு தொறந்தாங்க. பத்தரைக்கு ஆயிரம் பேரு. அதோட நின்னுபோச்சு. அதுக்கு மேல வந்த ஒருத்தராலயும் உள்ள நொழய முடியல. அப்புறம் இருந்தவங்களையும் வெளிய தள்ளிடுச்சு. கீழ கடைல பொடவைய விரிச்சு புடிச்சுகினே நிக்கறாங்க, பாக்க ஆளில்ல. எங்க புரோகிராம வாங்கி வச்சிருந்த மூணு கடைக்காரங்க அன்னிக்கே எங்கள வுட்டுட்டுப் போய்ட்டாங்க.

ஆமாங்க, புடிச்சுட்டீங்க. பழைய முறைல கட்டியிருந்துச்சு. அந்த நோட்டு தீந்துபோச்சு.

எப்படின்னா, புதன்கெழம சாயங்காலமே ஒரு ஆளு, பழைய முறையும் வேல செய்யுதான்னு சோதிக்கறதுக்காக, புது முறைய அணைச்சு வச்சு கட்டிப் பாத்திருக்குது. அதுல தப்பில்ல. ஆனா அத தனி ஃபோல்டர்ல செய்யணும். மூணு மெஷினுக்கும் பொதுவா புரோகிராமோட மூலம் இருக்கற ஃபோல்டர்ல கை வைக்கக்கூடாதுன்னு இளவரசன் செவுத்துல எழுதியே ஒட்டியிருந்தாரு. அந்த ஆளு ஜல்தி ஜல்தியா மூலத்துலயே கட்டிட்டு, அந்தச் சீட்ட அழிக்காம, அஞ்சே முக்கால் பஸ்ஸ புடிக்க ஓடிப்போச்சு. அப்புறம் மூணு மெஷினும் தன் சீட்ட வுட்டுட்டு அந்தச் சீட்டையே படிச்சு கட்டிகிச்சு. கட்றதுல ஒரு கொறயும் வரல. அதனால சத்தமும் சரியாத்தான் வந்துச்சு.

யாரு அந்த ஆளா? சொல்றேங்க. மோரு குடிங்க.

முதலாளி எல்லாரையும் இங்க நிக்க வச்சு யாரு பண்ணதுன்னு கேட்டாரு. இளவரசன் நான்தாங்கன்னாரு. நான் சத்தத்தத்தான் கேட்டேன், எழுத்தப் படிக்கல, அப்படின்னாரு. அவ்வளவுதான். கட்டி முடிச்சதும் எந்த முற போட்டிருக்குதுன்னு ஒரு வரி வரும். அத பாத்திருக்கணும், அது அவரு வேலதான். இல்லேன்னு சொல்லல. அந்த அளவுக்கு அவரு உங்களாண்ட சொன்னது நெஜம்.

ஆனா அந்தச் சீட்டோட இன்னொரு ஃபைலு இருக்கும். எந்த மெஷினு, யாரு பேருல, எத்தன மணிக்குன்னு எல்லாம் அதுல எழுதியிருக்கும். முதலாளி வந்து கேக்கறதுக்கு முன்னயே அவரு அத படிச்சுட்டாரு. அப்புறம் அழிச்சுட்டாரு. எனக்கெப்படித் தெரியும்னா, அத அழிக்கறதுக்கு நானும் ஓடிப்போய் தேடினேன். இல்ல.

முள்ளிப்பட்டுக்கு அஞ்சே முக்கால் பஸ்ஸுல போறது இங்க நான் ஒருத்திதாங்க.

அழலீங்க, வேர்வ. அன்னிக்கு என் வூட்டுக்காரருக்கு தறி வேல இல்ல, பையன் கைக்குழந்த. இதெல்லாம் காரணமா சொல்லிக்கலாம். சொல்லிகினும் இருந்தேன். அவரு பைய எடுத்துகினு போறப்ப என்னாண்ட வந்தாரு. துர்கா, எருமைய வுட்டுட்டுப் போறேன், பாத்துக்கன்னாரு. நான் சிரிச்சேன்.

நீங்கதான் மொத ஆளு, இத கேக்கறது. முதலாளிகிட்ட சொல்றதா இருந்தா சொல்லுங்க. படில ஏறி வராரு பாருங்க, அவரு செருப்பு சத்தம்தான் அது. நீங்க சொல்லலேன்னா இன்னிக்கு நானே சொல்லிடறேன். பொண்ணு பேரு இன்னான்னீங்க? அகல்யாவா? அகல்யாகிட்ட நான் சொன்னத அப்படியே சொல்லுங்க, என் பேரோட. களம்பூர் ரைஸ் மில்லுல நெல்லு லாரிய எட போடற கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கற ஆளு எதுக்கு அங்க உக்காந்திருக்காருன்னு அதுக்குத் தெரியணும்.

நானா? நான் இங்கதாங்க. அவரு போன மறுமாசமே அவரு எடத்துல என்னைப் போட்டாங்க.