சிப்ஸ் கவர்க் கூரை

“நேத்து மழையில, சிப்ஸ் கவருக்கு அடியில படுத்துத் தூங்குனேன்டி.”

ஒடுகத்தூரிலிருந்து வேலூர் போகும் காலைப் பேருந்து. மழை நின்றது ஜன்னல் கம்பிகளுக்கு இன்னும் தெரியவில்லை; சொட்டிக்கொண்டிருந்தன. முன்சீட்டில் குப்பை பிரிக்கும் கூடத்துப் பெண்கள் இருவர். சொன்னவள் மூத்தவள்.

“கவர உருக்கி நாம அழுத்துன முதல் கூரை ஷீட்டு, யாருமே வாங்கலியே, அதையா கூரையில போட்ட? ஒழுவுச்சாக்கா?”

“ஒரு சொட்டு இல்ல. முன்ன தோல் கம்பெனியில தோல்ல ஓட்டை பாத்த கண்ணுடி இது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா ஒட்டாம ஓட்டை வுழும்; அப்படி ஒரு கவர மிஷினுக்கு வுடுவனா?”

“ஒழுவுனா கவரெல்லாம் பழையபடி எரிக்கத்தான் போவும்னாரே ஓனரு.”

“காலையிலயே அவருக்குப் போன் போட்டேன். வாங்குறவங்கள நாளைக்கு எங்க வூட்டுக்கே இட்டுனு வர்றாராம்.”

“ஐயோ, வூட்டப் பெருக்கி வையிக்கா!”

“எதுக்குடி? வர்றவங்க அண்ணாந்துதானே பாக்கப் போறாங்க.”