நாளை உடையப்போகும் கட்டிகள்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, மகளைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா அவர்களே, காலணியில் ஒட்டிய சிமெண்டைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நம் கான்கிரீட் ஆய்வுக்கூடத்தின் முதுநிலை ஆய்வாளர், நம் மாவக்கா மறைந்துவிட்டார். சட்டைக் கையில் எப்போதும் மாவு போல வெள்ளைப் பொடி ஒட்டியிருக்குமே, அதனால் வந்த பெயர். அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரே சொல்தான் இருக்கிறது. பொறாமை! இரங்கல் கூட்டத்தில் பேசுகிற பேச்சா இது? அவர் முகத்துக்கு நேரே சொன்னதைத்தான் இங்கும் சொல்கிறேன்.

சிமெண்ட் துகளைவிட ஆயிரம் மடங்கு நுண்ணியது நானோ சிலிக்கா. அதைக் கலந்தால் கான்கிரீட்டின் நுண்துளைகள் அடைபடும், கடலின் உப்பு உள்ளே புகாது, கம்பி துருப்பிடிக்காது. நாம் எல்லோரும் படித்ததுதான். படித்து என்ன! மூட்டையைப் பிரித்து அப்படியே சிமெண்டோடு கொட்டினோம். வலிமையைச் சோதிக்க வார்த்த கட்டிகள், இயந்திரத்தில் அழுத்தியபோது சாதாரணக் கான்கிரீட்டைவிட மோசமாக நொறுங்கின. போதவில்லை போலும் என்று இன்னும் கொட்டினோம். இன்னும் மோசம்!

அக்காதான் உடைந்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அடியே, இதுங்க கும்பலா உக்காந்து அரட்டை அடிக்குதுங்க. முதல்ல தண்ணியில போட்டு ஒவ்வொண்ணா பிரிச்சு விடு. அப்புறம் பாரு, எப்படி வேலை செய்யுதுன்னு!"

ஒலியலைக் கருவியால் தண்ணீரில் பிரித்துக் கலந்தார். அந்தக் கட்டி அத்தனை பாரத்தையும் தாங்கிக் கடைசியில் உடைந்த சத்தத்தில் பக்கத்து அறைச் சன்னல்கள் அதிர்ந்தன. எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

நம் கூடத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். எது அதிகப் பாரம் தாங்கும் என்று இருவர் கட்டிகள் போட்டியிட்டால், தோற்றவர்தான் சிதறல் முழுவதையும் பெருக்க வேண்டும். எத்தனை முறை பெருக்கினேன்! "துடைப்பத்துக்கு உன்னை ரொம்பப் பிடிச்சுப் போச்சு போல" என்பார் அக்கா. அவர் கட்டியை உடைக்கும்போது இயந்திரம் இயக்குபவர் ஊரையே கூப்பிடுவார். என்னுடையதைத் தனியாக உடைத்துவிட்டு, "முடிஞ்சுதும்மா" என்பார். பொறாமை வராதா?

இப்போது கடல் பாலத்தின் தூண்களுக்கு ஒரு கலவை வேண்டும். அவர் கட்டிகளும் என் கட்டிகளும் ஒரே தொட்டியில், தண்ணீருக்குள் கிடக்கின்றன. காய்ச்சல் என்று விடுப்பில் போன அக்கா திரும்பவில்லை. கட்டிகள் மட்டும் இறுகிக்கொண்டே இருந்தன. நாளைக் காலை உடைக்க வேண்டும்.

"ஒரு மரியாதைக்கு அவங்க கலவையையே எடுத்துக்கலாமேம்மா" என்றார் இயக்குநர். நல்ல மனம். நான் மறுத்தேன். 'கல்நெஞ்சுக்காரி' என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. கான்கிரீட் கூடத்தில் அது வசவா, பாராட்டா?

உடைக்காமல் கொடுத்த வெற்றியை மாவக்கா என்றைக்காவது வாங்கியிருக்கிறாரா? பரிதாபத்தின் மேல் பாலம் நிற்குமா?

எல்லோரும் வாருங்கள். அம்மா, நீங்களும் வர வேண்டும். உங்கள் கண்முன்னே உடைப்போம். நான் வெல்லவே விரும்புகிறேன். இந்த மேடையில் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அக்காவின் கட்டி வென்றால், கடைசித் தூண்வரை அவர் கலவையை நானே நின்று வார்ப்பேன். வயிறெரிந்துகொண்டே வார்ப்பேன்.

தோற்றால் பெருக்க வேண்டியவள் நான். வென்றால்? பெருக்குவதற்கு நீங்கள் வரப்போவதில்லையே, அக்கா! எப்படிப் பார்த்தாலும் நாளை துடைப்பம் என் கையில்தான்.

இதிலும் நீங்களே ஜெயித்துவிட்டீர்கள்.