மடி கொடுத்த மச்சான்

...படத்தைத் திறந்தாச்சு, மாலையும் போட்டாச்சு. நம்ம வெயிலுமுத்து நல்லவரு, வல்லவருன்னு எல்லாரும் பேசிட்டீங்க. எனக்கு அப்படியெல்லாம் பேச வராது. ஒரு குட்டிக் கதை இருக்கு, எங்க வீட்டுல நடந்தது. அதைச் சொல்லிட்டு உட்கார்ந்துடுறேன். பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்குதா?... கேக்கணும். இது எல்லாருக்கும் கேக்கணும்.

நானும் அவனும் ஒரே மில்லு, ஒரே ஷிப்டு. அவன் எனக்குச் சொந்தமா? இல்லை. ஒரே ஊரா? இல்லை. ஒரே சாதியா?... அதுவும் இல்லை. சினேகிதன். அம்புட்டுதான்.

என் மக தேன்மொழிக்குக் காது குத்து. சாஸ்தா கோயில்ல பந்தல் போட்டு, கிடா வெட்டி, ஊரையே கூப்பிட்டிருந்தோம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில வச்சுத்தானே குத்தணும்? என் வீட்டுக்காரி செல்வக்கனிக்குக் கூடப்பொறந்த ஆம்பளை கிடையாது. சித்தப்பா மகன் ஒருத்தர் இருந்தாரு, அவரைத்தான் நம்பியிருந்தோம். எங்க பெரியப்பா என்ன பண்ணினாரு தெரியுமா? வெத்தலை பாக்கு பழத்தோட வீடு தேடிப் போய் அழைக்க வேண்டிய மனுசனை... போன்ல அழைச்சுட்டாரு! அவரு விடுவாரா? "தாய்மாமனைப் போன்ல கூப்பிடுற வீட்டு வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன்!" வைக்கலை. அன்னைக்கு ஆளே வரலை.

ஆசாரி ஊசியோட உட்கார்ந்திருக்காரு. "நல்ல நேரம் முடியப் போகுதுங்க... மாமன் எங்க?" மாமன் எங்கன்னு மைக்செட்டுலயே கேட்டுட்டானுங்க! பொம்பளைங்க குசுகுசுங்குறாங்க. "பொறந்த வீட்டு நாதியில்லாதவ"ன்னு எங்க அத்தை ஒருத்தி சொன்னது செல்வக்கனி காதுல விழுந்துடுச்சு. சபை நடுவுல நிக்கிறா... கண்ணுல தண்ணி முட்டுது. கையில பிள்ளை இருக்கு, துடைக்கக்கூட முடியலை.

வெயிலுமுத்து எங்க இருந்தான்? பந்தலுக்குப் பின்னாடி, குழம்பு அண்டா பக்கத்துல. வேர்த்து விறுவிறுத்து வந்தான். "என்னடா?"ன்னான். சொன்னேன். கரண்டியை என் கையில திணிச்சான். துண்டால கையைத் துடைச்சான். நேரா மணையில போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டான்.

"தங்கச்சி... பிள்ளையைக் கொடும்மா."

பெரியப்பா துள்ளிக் குதிச்சாரு. "தம்பி, எந்திரிங்க! நீங்க நம்ம ஆளுக இல்லையே! நாளைக்கு இந்தப் பிள்ளை சடங்காகும், கல்யாணம் ஆகும், எல்லாத்துக்கும் மாமன் சீர் வரணும். இன்னைக்கு உட்கார்ந்துட்டு நாளைக்கு எந்திரிச்சுப் போற இடமில்லை இது. ஆயுசுக்கும் உண்டான சொந்தம்!"

வெயிலுமுத்து என்ன சொன்னான்? குரலை உசத்தலைங்க. "தெரிஞ்சுதான் உட்கார்ந்திருக்கேன் ஐயா. எனக்கும் கூடப்பொறந்த பொண்ணு கிடையாது. இன்னையிலேருந்து இருக்கா."

செல்வக்கனி பெரியப்பாவைப் பார்க்கலை, என்னையும் பார்க்கலை. பிள்ளையைக் கொண்டுபோய் அவன் மடியில வச்சுட்டா. ஊசி பட்டதும் தேன்மொழி வீல்னு கத்தி, அவன் புது வேட்டியை நனைச்சுட்டா! "பாருங்கய்யா, மருமக எனக்குப் பன்னீர் தெளிச்சுட்டா!"ன்னு சிரிக்கிறான். சிரிச்சுக்கிட்டே என்னைப் பார்த்து, "மச்சான், கரண்டியை வச்சுக்கிட்டு என்ன பராக்குப் பார்க்கிறீரு? குழம்பு அடிப்பிடிக்குது, போம்!" அதுவரைக்கும் என்னை வாடா போடான்னவன், அன்னைக்குத்தான் முதல்முதலா மச்சான்னான்.

சொன்னபடி நடந்தானா? நடந்தான்யா! சடங்குக்கு மேளதாளத்தோட சீர் கொண்டு வந்தான். கல்யாணத்துல மாமன் மாலை அவன் கையால விழுந்துச்சு. அந்தச் சடங்குக்கு அவனை அழைக்க வெத்தலைத் தட்டோட பஸ் ஏறிப் போனது யாரு? எங்க பெரியப்பா! போன்னு சொன்னாலே அதுக்கப்புறம் அவருக்கு உதறல்.

போன மாசம்... அவனை அவன் சொந்த ஊருக்குக் கொண்டு போயிருந்தோம். குளிப்பாட்டுற நேரம். அந்த ஊர்ப் பெரியவரு ஒருத்தரு, "தலைக்கு எண்ணெய் வைக்கணும். கூடப்பொறந்தவங்க வாங்க"ன்னு குரல் கொடுத்தாரு. யாரும் அசையலை. "கூடப்பொறந்தது இல்லைன்னா..."ன்னு அவரு வாயெடுக்கும்போதே, "இருங்கய்யா!"ன்னு ஒரு சத்தம்.

செல்வக்கனி. கூட்டத்தை விலக்கிக்கிட்டுப் போறா.

"யாரும்மா நீ?"

"இது எங்க அண்ணன்."

எல்லாரும் விலகி வழி விட்டாங்க. என் வீட்டுக்காரி அண்ணன் தலையில எண்ணெய் வச்சா. தேன்மொழி பின்னாடியே சீயக்காய்க் கிண்ணத்தோட நின்னா. நான் ஓரமா நின்னு தேம்பித் தேம்பி அழுதேன். ஆனா ஒண்ணு சொல்றேன்... அந்த நிமிசம் எனக்கு இருந்த பெருமை, என் கல்யாணத்தன்னைக்குக்கூட இருந்ததில்லை. அப்பேர்ப்பட்டவனுக்கு நான் மச்சான்!

இதை ஏன் இங்க வந்து சொல்றேன்? இன்னைக்கு எல்லாரும் நன்றி நன்றிங்குறோமே, நன்றின்னா என்னய்யா? இந்த மாலையா? இது நாளைக்கு வாடிரும். சபை நடுவுல ஒருத்தி ஆளில்லாம நிக்கிறதைப் பார்த்தா, கையில இருக்கிறதைப் போட்டுட்டுப் போய்ப் பக்கத்துல உட்காரணும். அவன் அதைத்தான் செஞ்சான். அதைச் செஞ்சாத்தான் நாம அவனை நினைச்சதா அர்த்தம்.

வெயிலுமுத்து மகன் முன்வரிசையில இருக்கான். ஏலே ராஜதுரை, தலையை நிமிருலே! நாளைக்கு உனக்கும் கல்யாணம் காட்சின்னு வரும். அப்பா இல்லையே, எங்களை எப்படி முறையா அழைக்கிறதுன்னு முழிக்காதே. வெத்தலை பாக்கு வேண்டாம், பத்திரிகை வேண்டாம்... போன்கூட வேண்டாம்லே. உங்க அத்தையும் நானும் முதல் ஆளா வந்து நிப்போம்.

உங்கப்பன் மட்டும் அன்னைக்கு யாரு கூப்பிட்டுலே அந்த மணையில வந்து உட்கார்ந்தான்?