ராசியில்லாத கை

கைய விடுங்க மாடசாமி அண்ணே. மொதல்ல கைய விடுங்க. வெரலப் புடிச்சு இழுத்து உங்க போன்ல வெச்சா ஷெயார் ஏறிருமா? பதுளையிலருந்து நமுனுகுலைக்கி ஆட்டோ புடிச்சு வந்திருக்கீங்க, லயத்துக் காம்பராவுக்குள்ள வந்து ஒக்காருங்க, ப்ளேன்டீ ஊத்துறேன். ஆனா அமுக்க மாட்டேன்.

இல்ல, பிகு பண்ணல. கமிஷனும் வேணாம்.

ராசி, ராசி! யாரு கெளப்பிவிட்டா இத? ஓ எல் பரீட்சையில கணக்குப் பாடத்துல ஃபெயில் விட்டவன் நான். அது தெரியுமா உங்களுக்கு? சிவஞானம் மொதலாளி கடையில ஆணி நிறுத்துக் குடுக்கத்தான் சேந்தேன். காலையில மதுரன் கையால போணி பண்ணா அன்னைக்கி யாவாரம் பிச்சிக்கிட்டுப் போகுதுன்னு அவரே ஒண்ணப் புடிச்சுக்கிட்டாரு. ராத்திரி மழ ஊத்துனா மறுநா தகரம் விக்காதா அண்ணே? கூரை ஒழுகுனவன்லாம் வருவான்ல. அதுக்கு என் கை என்ன பண்ணும்?

அப்புறந்தான் ஷெயார். ஒரு நா சும்மா போன என் கையில குடுத்து, வாங்குற பட்டன அமுக்குடா தம்பின்னாரு. அமுக்குனேன். ஏறிச்சு. அவ்வளவுதான், தொலஞ்சேன். அதுலருந்து சாமி படத்துக்குப் பூ வெச்சு, நல்ல நேரம் பாத்து, மதுரா வாடான்னு கூப்புடுவாரு. பெயின்ட் கையக் கழுவிட்டுப் போயி வெரல வைக்கணும்.

ஆமா, காசு வந்துச்சு தான். இல்லன்னா சொல்றேன்? ஆனா எப்புடி வந்துச்சு? மார்க்கெட்டு போட்டு ஆட்டுற நேரம். இன்னைக்கி வரி கூடுதுங்குறான், நாளைக்கி இல்லைங்குறான், எங்கயோ சண்டைங்குறான், இங்க ஷெயார் குப்புற விழுது. இப்புடி நேரத்துல எல்லாத்தையும் ஒண்ணுல கொட்டாதீங்க மொதலாளி, கொஞ்சங் கொஞ்சமா வாங்குங்க, பாதிய கையில வைங்க, இந்த வெலைக்குக் கீழ போனா யோசிக்காம வித்துருங்கன்னேன். ராசிக்காரன் சொல்றான்னு கேட்டாரு. அதனால விழுந்தப்பயும் தப்பிச்சோம். மழையில அம்மா கொழுந்துக் கூடையோட மலைய எறங்கும்போது எப்புடி எறங்கும்? ஒரு கால நல்லா ஊனிட்டுத்தான் மத்த கால எடுக்கும். இதுல என்ன பெரிய வித்த?

நீங்க கேக்கல. என் வெரலையே பாத்துக்கிட்டிருக்கீங்க.

சரி, எவ்வளவு போடப் போறீங்க? எல்லாமா? கடைக்கி சரக்கெடுக்க வெச்சிருந்ததா? அண்ணிக்குத் தெரியுமா?

தெரியாதுல்ல. நெனச்சேன்.

திமிரா? சரி, திமிருன்னே வெச்சுக்குங்க. வேலையும் போயிருச்சு. காலையில மலைக்கி ஆள் பிரிக்கிற பெரட்டுல எல்லாரும் அம்மாக்கிட்ட கேக்குறாங்களாம், ஒன் மவன் ஏன் டவுன்லருந்து ஓடியாந்துட்டான்னு. அடுத்து என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல. இருந்தும் அமுக்க மாட்டேன். ஏறுனா என் கைக்கு முத்தம் குடுப்பீங்க. எறங்குனா? வெட்டிருவீங்களா?

என்னது? அந்த வெள்ளிக்கெழம ஷெயாரா? ஓ, அதக் கேள்விப்பட்டுத்தான் ஓடியாந்தீங்களா! மதுரன் அமுக்குனான், சிவஞானம் அள்ளிட்டாரு, பங்கு கேட்டதும் பயல வெரட்டிட்டாரு... பஜார் முழுக்க இதானா பேச்சு? அவரே சொல்லிக்கிட்டுத் திரியிறாரா? சொல்லட்டும். வேற என்னத்தச் சொல்லுவாரு, பாவம்.

ஏறுனது உண்மதான். நல்லாவே ஏறிச்சு. விழும்னு நெனச்சேன், விழல. அதுக்காக நான் ஒண்ணும் அழல. இன்னொரு தடவ அதே நேரம் வந்தாலும் அதையேதான் செய்வேன், எழுதி வெச்சுக்குங்க. அள்ளியிருந்தா மனுஷன் என்னைய ஏன் அண்ணே அறையிறாரு? நீங்களே யோசிங்க.

மக கலியாணத்துக்கு வெச்சிருந்த காசு அண்ணே அது. யசோதினி அக்கா கலியாணக் காசு. மொத்தத்தையும் அந்த ஒரே ஷெயார்ல போடணும்னு நின்னாரு. பாதி போடுவோம்னேன். ஒனக்குக் கைதான் ராசி, வாயி இல்ல, மூடுடான்னாரு. பத்தரைக்கி ராகு காலம், அதுக்குள்ள அமுக்குன்னு போனத் திணிச்சிட்டு, சாமி படத்துக்கு முன்னால கண்ண மூடிக்கிட்டாரு. அக்கா அங்கிட்டு யாருக்கோ பெயின்ட் கலர் காட்டிக்கிட்டிருந்துச்சு, ஒண்ணுந் தெரியாம.

அமுக்கிட்டியாடான்னாரு. ம்ன்னேன்.

அமுக்கல.